திரும்ப மறுக்கும் குமிழ்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் மண்டபத்திலே, சுவரோரத்து மேசைமீது, பூவேலை செய்த துணியினாற் போர்த்தப்பட்ட மரப்பெட்டியொன்று இருப்பதை இன்றும் சிலவிடங்களிற் காணலாம். அது வால்வுகளால் இயங்கிய வானொலிப் பெட்டி. அதனை வாங்கி வைத்தவர் பெரும்பாலும் இப்போது உயிரோடில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை துணியை நீக்கிப் பார்க்கின்றான். முகப்பிலே இரண்டோ நான்கோ குமிழ்கள். ஒன்றைப் பிடித்துத் திருப்புகின்றான், அசையவில்லை. சற்றே பலத்தைக் கூட்டுகின்றான், அப்போதும் அசையவில்லை. வீட்டிலுள்ள குறடு வருகின்றது. குறடு வந்தபின் நடப்பது எங்கும் ஒன்றுதான். அறுபது ஆண்டு பொறுத்திருந்த குமிழ் இரு துண்டாகின்றது. அல்லது குமிழ் தப்பி, அதன் பின்னாலுள்ள அச்சு முறிகின்றது. அன்றோடு பெட்டி மண்டபத்தை விட்டுக் கோடிப்புறத்துக் கொட்டிலுக்குப் போய்விடுகின்றது.

அந்தப் பெட்டியிலே முதலிற் பழுதாகியிருந்தது பல வேளைகளில் ஒரு துளி மசகு மாத்திரமே. அதனை அறியாமையால் முழுப் பெட்டியும் இழக்கப்படுகின்றது. குமிழ் எதனால் இறுகுகின்றது, எவ்வாறு அதனை நோகாமல் இளக்கலாம், எவ்விடத்திற் கைவைக்கலாகாது என்பனவற்றை அறிந்தால் இவ்விழப்பிற் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

இலங்கையில் வானொலி தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதி. எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 'கொழும்பு றேடியோ' அன்று பிறந்தது. 1949இல் அது 'றேடியோ சிலோன்' ஆயிற்று, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. ஆயினும் குடாநாட்டு மக்களின் செவி கொழும்பை மட்டும் நோக்கியிருந்ததில்லை. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆந் தேதி தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வான்வழியே ஏறத்தாழ 300 கிலோமீற்றர். திருச்சியோ ஏறத்தாழ 190 கிலோமீற்றர்தான். அன்றியும் இடையிற் கிடப்பதில் ஒரு பகுதி பாக்குநீரிணை. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவது. ஆதலின் மத்திய அலை வறண்ட நிலத்தின்மேற் செல்லும்போது இழப்பதிலும் மிகக் குறைவாகவே கடலின்மேற் செல்லும்போது வலுவிழக்கின்றது. திருச்சியின் நாதசுவரமும் இசைக் கச்சேரியும் யாழ்ப்பாணத்து மண்டபங்களில் அத்துணைத் தெளிவாகக் கேட்டமைக்குக் கடலும் ஒரு காரணமாகும்.

அலையைச் சுமந்துவந்த அதே உப்புநீர்தான் பெட்டியின் அச்சையும் அரித்தது. மூன்று பக்கங் கடலும் நடுவே கடல்நீரேரியும் உடைய நிலம் இது. காங்கேசன்துறையிலும் பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் வீட்டுச் சன்னற் கம்பி எத்தனை ஆண்டில் துருவேறுகின்றது என்பதை அறிந்தவர்க்கு இது புதுச் செய்தியன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் பொடியாய்ப் பறந்து வீட்டுக்குள் வருகின்றது. ஐப்பசியில் வாடை திரும்பியதும் ஈரமும் மழையும் வருகின்றன. முன்னது தூசியைக் கொணர்ந்து வைக்கின்றது. பின்னது அத்தூசியைக் குழைக்கின்றது. உப்பு இரண்டிலும் உண்டு.

குமிழின் அச்சு பெரும்பாலும் உருக்கினால் ஆயது. அது சுழலும் சிறு குழலாகிய புஷ் பித்தளையினால் ஆயது. இருவேறு உலோகங்களுக்கு இடையே உப்பீரம் புகுந்தால் அவ்விடத்தில் மிகச் சிறியதொரு மின்கலம் உண்டாகின்றது. அதிலே தேய்வது இரும்பே. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகும். நூலளவு இடைவெளியே உள்ள குழலில் பெருத்த துரு அடைத்துக்கொள்கின்றது. பித்தளையிற் பச்சைக் களிம்பு பூக்கின்றது. தொழிற்சாலையில் இடப்பட்ட மசகு, ஆண்டுகள் பல சென்றபின் எண்ணெய்த்தன்மை நீங்கி, பலாப்பாலைப் போலப் பிசுபிசுத்து, ஈற்றில் அரக்காகின்றது. இவை மூன்றும் ஒன்றுகூடிய இடத்தையே மக்கள் 'குமிழ் பிடித்துக்கொண்டது' என்கின்றனர்.

இவற்றை நெடுங்காலம் தடுத்துவந்தது அன்றாடப் பாவனை. வால்வு வானொலி ஏறத்தாழ 40 முதல் 50 உவாற்று வரை மின்சாரத்தை உண்ணும். அதிற் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படும். நாள்தோறும் மாலையில் இரண்டு மணிநேரம் பெட்டி பேசினால் உள்ளே ஈரம் தங்காது. நாள்தோறும் குமிழைத் திருப்பும் கை மசகையும் உறையவிடாது. அந்த ஒழுங்கு 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது அறுந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மக்கள் வானொலி கேட்பதை விட்டாரல்லர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ஏனையோர் செய்தி கேட்டனர். 1941இல் தொடங்கப்பட்ட பி.பி.சி. தமிழோசை அவ்வாறு சுழன்ற சக்கரங்களாற் கேட்கப்பட்ட வீடுகள் எத்தனையோ. ஆனாற் சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்றில் 3 உவாற்று. திரான்சிஸ்ரர் பெட்டிக்கு அது போதும்; வால்வுகளைச் சூடேற்றுவதற்கே போதாது. ஆகவே மேசைமீதிருந்த பெரிய பெட்டிகள் யாவும் ஒருங்கே ஊமையாயின. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது தூக்கிச் செல்ல முடியாதவற்றுள் இவையும் அடங்கின. கூரை ஒழுகிய வீடுகளிற் பல மாரிகளைக் கண்டு, அதன்பின்னும் எஞ்சியிருக்கும் பெட்டியின் குமிழ் இறுகியிருப்பதில் வியப்பொன்றுமில்லை.

'இறுகிய குமிழ்' என்னும் ஒரே சொல்லில் இரு வேறு நோய்கள் அடங்கியுள்ளன. ஒன்று, குமிழ் அச்சைவிட்டுக் கழல மறுப்பது. மற்றொன்று, குமிழும் அச்சும் சேர்ந்து சுழல மறுப்பது. இவற்றைப் பிரித்தறியாமற் கைவைப்பவரே பெட்டியைக் கெடுக்கின்றனர். முதலாவது நோய் சுழற்சிக்குத் தடையன்றே, அதனைப் பொருட்படுத்துவானேன் என்று கேட்கலாம். பெரும்பாலான பெட்டிகளில், முகப்பிலுள்ள குமிழ்களையெல்லாம் கழற்றிய பின்னரே உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தைப் பின்புறமாக வெளியே எடுக்க முடியும். குமிழ் கழலாவிடின் உள்ளே எந்தத் திருத்தமும் இயலாது. வீட்டின் திறப்புத் துளைக்குள் முறிந்து கிடப்பதைப் போன்ற நிலை அது.

எதற்கும் முன்னர் உயிர்க்காப்பு. செருகியைச் சுவரிலிருந்து கழற்றுதல் வேண்டும்; ஆளியை அணைப்பது மாத்திரம் போதாது. பழைய பெட்டிகளில் 'ஏசி/டிசி' எனப்பட்ட ஒருவகை உண்டு. அதிலே மின்மாற்றி இல்லை. வீட்டு மின்கம்பிகளில் ஒன்று இரும்புச் சட்டத்தோடு நேரே பொருத்தப்பட்டிருக்கும். செருகி மாறிச் சென்றால் சட்டம் முழுவதிலும் 230 வோல்ற்று நிற்கும். சட்டத்திற் பொருத்திய அச்சிலும் நிற்கும். அச்சிலே குமிழை இறுக்கும் சிறு ஆணியிலும் நிற்கும். அவ்வாணியின் குழியை உற்பத்தியாளர் மெழுகால் அடைத்தமை விரல் அதிற் படாதிருக்கவேயாம். குமிழ் உடைந்த பெட்டியைக் கறள் பிடித்த குறட்டினாற் திருப்பிப் பாட்டுக் கேட்ட வீடுகள் இந்நாட்டில் ஏராளம். அவர்களுள் ஏசி/டிசிப் பெட்டி வைத்திருந்தோர் தம் உயிரோடு விளையாடினர் என்பதை அறியாமலே விளையாடினர். ஆகவே உடைந்த குமிழ் அழகுக் குறை மட்டுமன்று. வீட்டிலே சிறுபிள்ளைகள் உள்ளவிடத்து அது ஓர் ஆபத்து.

பெட்டி எவ்வகையது என்பதை வால்வுகளின் பெயரைக் கொண்டு ஓரளவுக்கு அறியலாம். ஐரோப்பிய வால்வுகளின் முதலெழுத்து அதன் சூடேற்றியைக் குறிக்கும். யூ.சீ.எச். 81, யூ.எல். 84 என்றாற்போல 'யூ' எழுத்தில் தொடங்கினால் அது ஏசி/டிசிப் பெட்டி எனக் கொள்க. 'ஈ' எழுத்தாயின் பெரும்பாலும் மின்மாற்றி உண்டு. எனினும் சோதியாமல் நம்புதல் ஆகாது. டி.கே. 96 என்றாற்போல 'டி' எழுத்தாயின், அது மின்சாரம் எட்டாத ஊர்களிற் பெரிய உலர் பற்றறியில் இயங்கிய பெட்டி. எவ்வகையாயினும், உள்ளேயிருக்கும் பெரிய ஒடுக்கிகள் செருகியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். பயிற்சியில்லாதவர் முகப்போடு நின்றுகொள்வது நன்று.

இனிக் குமிழைக் கழற்றும் முறை. குமிழின் பக்கத்தை நன்கு ஒளியிற் பிடித்துப் பார்க்கவேண்டும். சிறு துளை காணப்பட்டால், அதனுள்ளே தலையில்லாத ஸ்குறூ ஆணியொன்று அச்சை அழுத்திக்கொண்டிருக்கும். துளையில்லையாயின், அது வில்லிணைத்து அழுத்திச் செருகிய குமிழ். பிரித்தானியப் பெட்டிகளில் ஆணியும் பிலிப்ஸ் முதலிய ஐரோப்பியப் பெட்டிகள் பலவற்றிற் செருகலும் காணப்படும். இது கண்டிப்பான விதியன்று. இடையிற் பலர் கைபட்ட பெட்டிகளில் எதுவும் எதிலும் இருக்கக்கூடும்.

செருகிய குமிழை நேரே இழுக்கவேண்டும். அப்படியும் இப்படியும் நெம்பலாகாது. விரலுக்குப் பிடி கிடையாவிடின் பழைய வேட்டித் துணியில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, குமிழுக்கும் பலகைக்கும் இடையிலே நுழைத்து, இரு முனைகளையும் முன்னே கொணர்ந்து முறுக்கி இழுத்தால், இழுவிசை குமிழின் முதுகில் எல்லாப் பக்கமும் ஒருங்கே படும். இதனைவிடச் சிறந்த கருவி கடையிற் கிடையாது. இரண்டு கரண்டிகளை இருபுறமும் கொடுத்துத் தெண்டுவாரும் உளர். அவ்வாறு செய்வதாயின் கரண்டிக்கும் பெட்டிக்கும் இடையே தடித்த மட்டையொன்றை வைக்காவிடின் மெருகுப் பலகையிற் பிறைவடிவான பள்ளம் விழும். அப்பள்ளத்தை எந்தத் தச்சராலும் முற்றாக மறைக்க முடியாது.

ஆணியிட்ட குமிழில் முதலில் மெழுகை ஊசிமுனையாற் கிண்டி எடுக்கவேண்டும். ஆணியின் தலையில் உள்ள கீற்றினுக்குச் சரியாகப் பொருந்தும் அகலமுடைய திருப்புளியே வேண்டும். சிறிய திருப்புளி கீற்றை உடைத்துவிடும். கீற்று உடைந்தபின் அந்த ஆணி நல்லவர் கைக்கும் வசப்படாது. குமிழைத் துளை மேனோக்கும்படி திருப்பிவைத்து, மண்ணெண்ணெயும் தையல் மெசின் எண்ணெயும் சமமாகக் கலந்ததில் ஒரு துளியை ஈர்க்குநுனியால் விடவேண்டும். விட்டபின் செய்யவேண்டிய கருமம் ஒன்றே: உறங்கப் போதல். எண்ணெய் துருவினூடே நுழைவதற்கு ஓரிரவு வேண்டும். மறுநாள் ஆணியை முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பிப் பின்னரே இளக்கும் பக்கம் திருப்பவேண்டும். துருவின் பிடி முறிவது முதலாவது அசைவிலேதான். அது எந்தப் பக்கமாயினும் ஒன்றே.

அதற்கும் அசையாதாயின் பற்றாசுக்கோலின் சூடான நுனியை ஆணித் தலையில் மாத்திரம் அரை நிமிடம் வைத்து எடுக்கலாம். ஆணி சூட்டினால் விரிந்து, ஆறும்போது சுருங்கும். அப்போது துரு நொறுங்கும். ஆனாற் குமிழ் எப்பொருளால் ஆயது என்பதை முன்னரே அறிந்துகொள்ளவேண்டும். கபில நிறத்தும் கரு நிறத்தும் பழங் குமிழ்கள் பேக்கலைற்று. அது ஒருமுறை இறுகியபின் உருகாது, ஓரளவு சூட்டைத் தாங்கும், ஆனால் அடித்தால் ஓடுபோல் உடையும். பிற்காலத்து வெண்ணிற, தந்தநிறக் குமிழ்களுட் பல பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக்கு. அது கொதிநீரின் சூட்டிலேயே இளகும். அதிலே பற்றாசுக்கோல் பட்டால் ஆணிக்கு முன்னதாகக் குமிழ் கழலும், அதுவும் வழிந்து கழலும். வேறொன்றும் நினைவிலிருக்கட்டும்: ஓர் ஆணியை எடுத்தபின்னும் குமிழ் வராவிடின் இழுத்துப் போராடாமல், குமிழைச் சுற்றிப் பார்த்து இரண்டாவது ஆணியைத் தேடவேண்டும். சில குமிழ்களில் இரண்டுண்டு. வேறு சிலவற்றில் ஒரே துளையில் ஆணிக்குக் கீழே இன்னோர் ஆணியும் உண்டு.

சுழல மறுக்கும் நோய் இதனினும் நுண்ணியது. நான்கு குமிழ்களும் வெளியே ஒரே தோற்றத்தன. உள்ளே ஒவ்வொன்றும் வெவ்வேறு பொறி.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் பின்னே கரிப்பூச்சுடைய வளையமொன்றும் அதன்மேல் நகரும் ஒரு நாக்கும் உள்ளன. இறுகியது பெரும்பாலும் வளையமன்று, முன்னேயுள்ள பித்தளைப் புஷ்ஷே. பெட்டியை மெத்தென்ற துணிமீது பின்புறம் படும்படி மெல்லக் கிடத்தினால் அச்சு மேனோக்கி நிற்கும். அச்சு புஷ்ஷினுள் நுழையும் வாயில் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் ஒரு துளி விட்டால் அது பழைய மசகைக் கரைத்துக்கொண்டு தானே உள்ளே இறங்கும். கால்மணி கழித்து, குமிழை அச்சிற் பொருத்தி, இரு விரல்களால் மாத்திரம் இங்குமங்கும் அசைத்துப் பார்க்கவேண்டும். மணிக்கூட்டின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவு நகர்ந்தாற் போதும், வெற்றி கிட்டிவிட்டது. மறுபடி ஒரு துளி, மறுபடி ஓர் அசைவு. முற்றாக இளகியபின் ஒரேயொரு துளி மெசின் எண்ணெய் புஷ்ஷுக்கு இடலாம். கரி வளையத்துக்கு எண்ணெய் செல்லலாகாது. அச்சைக் குறட்டினாற் பிடித்து முறுக்குவாருக்கு ஒரு சொல்: உள்ளே நாக்கு நின்றுவிடும் எல்லையில் உள்ள தடை மெல்லிய தகட்டினால் ஆயது, அது குறட்டை எண்ணிச் செய்யப்பட்டதன்று.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து வழக்கமொன்றைக் கண்டிக்காமற் செல்ல இயலாது. கதவுப் பிணைச்சல் முதற் கிணற்றுக் கப்பி வரை எது கிறீச்சிட்டாலும் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடுவது நம்மவர் கைப்பழக்கம். கப்பிக்கு அது தகும். வானொலி அச்சுக்குத் தகாது. தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைவதை எவரும் அறிவர். நல்லெண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நாளடைவிற் பிசினாக இறுகும். இன்று இறுகியிருக்கும் குமிழ்கள் சில, முன்னொருநாள் இவ்வாறு 'இளக்கப்பட்டவை'யே. இக்காலத்துக் கடைகளில் விற்கும் விசிறு எண்ணெய்களையும் பெட்டிக்குள் விசிறலாகாது. துருப்பிடித்த ஆணிக்கு ஈர்க்குநுனியில் ஒரு துளி எடுத்து விடுவதில் தீங்கில்லை. குழலை உள்ளே நீட்டி அமத்தினால் அது நூலிலும் கரியிலும் வால்வுக் கால்களிலும் படிந்து, செம்மண் தூசிக்கு நல்ல பந்தலாகிவிடும்.

அலை மாற்றும் குமிழ் இறுகியிருந்தால் இரட்டிப்பு அவதானம் வேண்டும். மத்திய அலை, சிற்றலை என்று 'டக், டக்' என ஒவ்வோரிடத்தில் நின்று திரும்பும் குமிழ் அது. அந்த ஒலியைத் தருவது வில்லால் அழுத்தப்பட்ட சிறு குண்டு. அதன் மசகு அரக்கானாற் குண்டு பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும். அச்சின் மறுமுனையிலோ, கடதாசியும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்த மெல்லிய தட்டுகளும் அவற்றின் விளிம்பில் வெள்ளி பூசிய நகங்களும் உள்ளன. முன்னே பலத்தைப் பிரயோகித்தாற் பின்னே தட்டு வெடிக்கும். பல்வேறு கம்பிகள் பற்றவைக்கப்பட்ட அத்தட்டுக்கு மாற்று இன்று எளிதிற் கிடையாது. ஆகவே குண்டு இருக்கும் இடத்துக்கு அற்ககோல், பின் நேரம், பின் இரு விரல். இம்மூன்றுக்கு மேல் நான்காவது வழியில்லை.

நிலையந் தேடும் குமிழ்தான் யாவற்றிலும் சுவையானது. குமிழைத் திருப்பினால் நூலொன்று அச்சில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கப்பிகள் வழியே ஓடி, ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றுகின்றது. சக்கரம் மாறுமொடுக்கியைத் திருப்புகின்றது. வழியிலே முள்ளையும் கண்ணாடியின் பின்னால் இழுத்துச் செல்கின்றது. இக்குமிழில் இரு குறைகள் வேறுபட்டுத் தோன்றும். குமிழ் சுழன்றும் முள் நகராவிடின் நூல் வழுக்குகின்றது. குமிழே சுழலாவிடின் அச்சோ, கப்பியோ, மாறுமொடுக்கியின் குண்டுகளோ இறுகியுள்ளன. நூல் வழுக்குவதற்கு வயலின் வில்லுக்குப் பூசும் றெசினில் ஒரு சிட்டிகை பொடித்து அச்சைச் சுற்றிய நூலுக்குத் தடவினாற் போதும். கல்யாணவீட்டுக் கச்சேரிக்காரரிடம் கேட்டுப் பெறத்தக்க பொருள் அது. நூல் இற்றிருந்தால் மாற்றவே வேண்டும்; அப்போது பழைய நூல் சென்ற வழியை ஒரு தாளில் வரைந்துகொண்டபின்னரே அறுக்கவேண்டும். வரையாமல் அறுத்தவர்கள் பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்திருக்கின்றனர்.

மாறுமொடுக்கி என்பது ஒன்றின் இடையே ஒன்று நுழையும் இரு தொகுதித் தகடுகள். இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. சிலந்தி கூடு கட்டுவதற்கு அதனினும் உவப்பான இடம் பெட்டியில் வேறில்லை. இங்கே வேலைசெய்யும் முன் தகடுகள் முற்றாக ஒன்றனுள் ஒன்று மூடியிருக்கும்படி திருப்பிவைத்தல் உத்தமம். விரிந்து நிற்கும் தகட்டிலே விரல் பட்டு வளைந்தால் நிலையங்கள் யாவும் முள்ளின் இடத்தைவிட்டு விலகிவிடும். தூசியை மென்மையான தூரிகையால் நீக்கி, இருமுனைக் குண்டுகளுக்கும் அற்ககோலும் பின் ஒவ்வொரு துளி எண்ணெயும் இடவேண்டும்.

அற்ககோலை எடுத்த கை கண்ணாடியின் பக்கம் போகாதிருக்கட்டும். நிலையங்களின் பெயர்களும் மீற்றர் எண்களும் கண்ணாடியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டவை. அற்ககோற் துணியால் ஒருமுறை துடைத்தால் உலக நகரங்கள் பல ஒரு நொடியில் அழிந்துபோகும். கண்ணாடியின் முன்புறத்தை மாத்திரம் உலர்ந்த துணியாற் துடைக்கலாம். அரக்குமெருகு பூசிய மரப் பெட்டிக்கும் அற்ககோல் பகை.

குமிழ் இளகிய மகிழ்ச்சியில் உடனே செருகியைச் சுவரிற் குத்துவதும் தவறு. முப்பது ஆண்டு உறங்கிய ஒடுக்கிகள் முழு மின்னழுத்தத்தை ஒருங்கே ஏற்கமாட்டா. வெடிப்பதும் புகைவதும் உண்டு. அவற்றை வால்வுப் பெட்டி அறிந்த ஒருவர் முதலிற் சோதிக்கவேண்டும். அத்தகையோர் குடாநாட்டில் அருகிவருகின்றனர் என்பது உண்மை. ஆயினும் முறியாத அச்சோடும் உடையாத தட்டோடும் வரும் பெட்டியையே அவர்களாலும் திருத்த முடியும். வீட்டார் செய்யத்தக்க பேருதவி குறட்டை எடுக்காதிருப்பதே.

பெட்டி உயிர்பெற்றபின் சிற்றலையில் முள்ளை நகர்த்தி, ஒன்றும் கேளாமையால் ஏமாறுவோர் உண்டு. அது குமிழின் குற்றமன்று. முன்னர் அவ்வலைகளை நிறைத்திருந்த ஒலிபரப்புகள் பல நின்றுவிட்டன. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017இல் நின்றது. பண்பலையை இப்பெட்டிகளுட் பெரும்பாலானவை அறியா. இரவிலே மத்திய அலையில் தேடுவதே தக்கது. அப்போது வான்மண்டலத்தின் மேலடுக்கு அவ்வலைகளைத் தெறிக்கச் செய்வதால் தொலைவிலுள்ளனவும் எட்டும். கண்ணாடியில் மீற்றர் எண்களே இருந்தால், 300,000ஐக் கிலோஹேர்ட்சால் வகுத்து இடத்தைக் கண்டுகொள்ளலாம். திருச்சி நெடுங்காலம் ஒலித்த 936 கிலோஹேர்ட்சு, 320 மீற்றருக்கு அண்மையில் வரும்.

குமிழைத் திரும்பப் பொருத்தும்போது அதற்கும் பலகைக்கும் இடையே தபாலட்டையொன்று நுழையும் அளவு இடைவெளி விடவேண்டும். அவ்விடத்தில் முன்பிருந்த கம்பளி வளையம் உக்கியிருந்தால், பழைய கம்பளித் துணியில் ஒன்று வெட்டி இடலாம். அது தூசியையும் ஈரத்தையும் புஷ்ஷை அடையாமற் தடுக்கும். ஆணியை அச்சின் தட்டைப் பக்கத்தில் அளவாக இறுக்கி, குழியை மீண்டும் மெழுகால் அடைத்துவிடவேண்டும். குமிழ் தொலைந்த அச்சுக்கு, கடைசல் பிடிக்கும் தச்சரிடம் மரத்திற் செய்வித்துப் போடலாம்; பிரித்தானியப் பெட்டியின் அச்சுக்குக் கால் அங்குலத் துளையும் ஐரோப்பியப் பெட்டிகள் பலவற்றுக்கு 6 மில்லிமீற்றர்த் துளையும் வேண்டும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கின்றதென்று பித்தளையிலோ அலுமினியத்திலோ செய்வித்துப் போடுதல் மாத்திரம் ஆகாது.